அரைப்பேர்

ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
பேக்கரிக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில்
நஸ்மியின் கடை. ஆறு மணிக்கே
பனி வந்து கண்ணாடியை நக்கும்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஜெரோமின் கொம்பியூட்டரைக் கழற்றினேன்.

சனிக்கிழமை டிக்கோயாவில் முடிந்த கல்யாணம்
திங்களுக்குள் டிவிடியில் ஏறவேண்டும் அவருக்கு.
திரையில் மாப்பிள்ளை
தூக்கிய மாலையோடு அப்படியே நிற்கிறான்.
போன வெள்ளியிலிருந்து இப்படித்தான் எல்லா மாப்பிள்ளைகளும்.
"புதுசு வாங்க வழியில்ல தங்கச்சி, ஏதாச்சும் செய்ங்க"
ஐந்நூறு ரூபாயை விசைப்பலகைக்கு அடியில்
செருகிவிட்டுப் போனார்.

இரண்டு கோர் என்று எழுதிய சில்லு.
எழுதியது இரண்டு; வார்த்தது நான்கு.
நான்கும் ஒரே தகட்டில் ஒரே சூட்டில் பிறந்தவை.
சோதனையில் ஒன்று சறுக்கினால்
அதன் வாயைக் கட்டி,
சோடி சேர்க்க இன்னொன்றின் வாயையும் கட்டி
குறைந்த விலைக்கு அனுப்புவார்கள்.
சில வேளை எதுவுமே சறுக்கியிருக்காது.
மலிவானதைக் கேட்டு ஆட்கள் நின்றிருப்பார்கள்,
அவ்வளவுதான்.
எது எதனால் என்று மூடியில் இருக்காது.

எனக்கு இந்தக் கணக்குத் தெரியும்.
ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை
எட்டு மாதம் கொழுந்து எடுத்தேன்.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
பதினெட்டு எடுத்த நாளிலும்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று கழித்து
தராசு பதினாறில் நிற்கும்.
செக்ரோலில் அரை.
லயத்துக்கு வந்தது முழு முதுகுவலி.

டிலீட் விசையை விடாமல் தட்டி
பயோசுக்குள் போனேன்.
ஆறாவது வரியில் ஒரு சொல்லை மாற்றி
எஃப் பத்து.
விசிறி ஒரு தரம் மூச்சைப் பிடித்தது.
பிறகு திரையில்: நான்கு.
பிளேன்டீ கோப்பையோடு எழும்பிவிட்டார் நஸ்மி.
"அல்லாஹ், சும்மா கெடந்த ரெண்டும் எழும்பிட்டே!"

பதினொரு நிமிஷம்.
மாலை கழுத்தில் விழுந்தது, பெண் தலை நிமிர்ந்தாள்,
நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பினார்.
உப்பின கன்னம் இறங்கவில்லை.
நீலம். முழுத் திரையும் நீலம்.

ஒவ்வொன்றாய்த் தனியே ஓடவிட்டேன்.
மூன்றாவது, கேட்ட பெருக்கலையெல்லாம்
இரண்டு மணி நேரம் சரியாகச் சொன்னது.
இதையா கட்டிவைத்தார்கள்?
நான்காவது பிழைவிட்டது. பெரிய பிழையில்லை,
ஏழாம் தசமத்தில்.
பொய் சொல்லவில்லை அது;
அதற்குத் தெரிந்தது அவ்வளவு.
அதை மட்டும் திரும்பக் கட்டப் போனேன்.
நிச்சயமா என்று கேட்டது மெனு.
கங்காணி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்றைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.
பூட்டுக் கழன்றதும்
சூட்டைக் காட்டும் இலக்கம்
பூச்சியத்தில் போய்க் குந்திக்கொண்டது.
கணக்கில் இல்லாதது உழைத்தால்
அதன் காய்ச்சலும் கணக்கில் இல்லை போல.
திரையில் பூச்சியம், வெளியில் பனி.
அலுமினியத் தகட்டில் விரலை வைத்தேன்.
சுட்டது.
ஷட்டரை மேலே தள்ளினேன்.
"ஈரம் உள்ளுக்குப் போயிரும் புள்ள" என்றார் நஸ்மி,
ஆனாலும் எழுந்து வந்து மேசையை
வாசல் பக்கம் இழுத்துத் தந்தார்.

விடியும்போது கல்யாணம் முடிந்திருந்தது.
ஜெரோம் வந்தார், தலையில் மழை.
பில்லில் என்ன எழுதுவது?
பொருள் எதுவும் விற்கவில்லை.
"கோர் ஒன்று" என்று எழுதி
விலைக்கு நேரே கோடு போட்டேன்.
"தாங்குமா?"
"தெரியாது அண்ணே. நம்பர நம்பாதீங்க,
பொழுதுக்கு ஒருக்கா தொட்டுப் பாருங்க."
அவர் அங்கேயே உள்ளே கையை விட்டார்,
சட்டென்று எடுத்தார்,
விரலை ஊதிக்கொண்டே
டிக்கோயா பஸ்ஸுக்கு ஓடினார்.