பின்சக்கரம்

முன்பு அலாரம் அடித்ததும்
ஒரே எம்பு.
இப்போது மல்லாந்தபடி
தகரக் கூரையில் பனி சொட்டுவதைக் கேட்கிறேன்.

முழங்காலை மடக்கு.
மூச்சை விடு.
தோளும் இடுப்பும் சேர்ந்தே புரள்,
இறுக்கித் தைத்த கேரட் மூட்டை மாதிரி.

"நேரா எந்திரிக்காதீங்கண்ணா,
ஒருக்களிச்சுத் திரும்புங்க" என்றாள்
ஊட்டி ஆஸ்பத்திரியில் பிசியோ ஷைனி.
கல்லட்டியின் முப்பத்தாறு வளைவிலும்
இருபது வருஷம் லாரி ஏற்றியவனிடம்!
சிரித்தேன்.
அதற்கும் வலித்தது.

கால்கள் கட்டிலைவிட்டு இறங்குகின்றன.
உள்ளங்கை மெத்தையை அழுத்துகிறது.
தலை,
வளைவில் பின்சக்கரம்போல்,
கடைசியாய்த் திரும்புகிறது.

உட்கார்ந்துவிட்டேன்.

சன்னல் முழுக்க மூடுபனி.
எதிரே யாரும் வரவில்லை.
ஆனாலும்
ஒரு ஹாரன் அடிக்கலாம்
போலிருந்தது.