உள்பக்கம் எழுதியிருந்தது

காற்று அடித்தவன் நான்தான்.
கிருமாம்பாக்கம், காலை ஏழே கால்.
"நாலுக்கும் முப்பத்தி மூணு" என்றார் அய்யனாரப்பன்,
இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி.
கடலூரில் யாருக்கோ நிச்சயதார்த்தம்;
பின்சீட்டில் ஆப்பிள் தட்டு.

முன் இடது சக்கரத்தில் குனிந்தபோது பார்த்தேன்.
பட்டனெல்லாம் புதுசு,
ஒரு ரூபாய்க் காசு பாதி முங்கும்.
பக்கவாட்டில்தான்
மார்கழிக் குதிகால் போல் வெடிப்பு.
விரல் வைத்தேன். எடுத்தேன்.
இருபது ரூபாய் வாங்கினேன்.
அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.

முள்ளோடை தாண்டி
கார் தமிழ்நாட்டில் கவிழ்ந்தது.
வெடித்த ரப்பர் புதுச்சேரியிலேயே கிடந்தது.
எந்த ஸ்டேஷன் எல்லை என்று
ஒன்றரை மணி நேரம் இரண்டு தொப்பிகள் அளந்தன.
ஆப்பிள்கள் இரண்டு பக்கமும் உருண்டிருந்தன.

கார் இஞ்ஞாசி ஐயாவுடையது. அவர் பிரான்சில்.
நெல்லித்தோப்பு ஷெட்டில்
பதினோரு வருஷம் உறைபோட்டு நின்ற வண்டி.
"ஓடாத டயர் எப்படிப் பழசாகும்?"
போனில் அவர் கேட்டபோது
எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.
சர்வீஸ் சென்டர் தாளில் டயருக்கு நேரே பச்சை டிக்.
டயர் விற்ற இடத்தில் இப்போது பிரியாணிக் கடை.
இன்சூரன்ஸ்காரர் படம் எடுத்தார்,
பட்டனை மட்டும்.

என்னையும் கேட்டார்கள்:
"காத்து சரியா இருந்துச்சா?"
"இருந்துச்சு சார்."
அது பொய் இல்லை.

அதிவேகம், அஜாக்கிரதை என்று எழுதினார்கள்.
ஓட்டியவர் மறுத்துப் பேச வரப்போவதில்லை.
"அம்பதுக்கு மேல போனதே இல்லப்பா அது"
என்று அஞ்சலாட்சி வந்து சொன்னாள்,
ஸ்டேஷனில் யாரும் கேட்காததை,
என் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே.
மோட்டாரை அணைத்தேன்.
அதற்குள் சொல்லி முடித்திருந்தாள்.

மிச்சம் மூன்று டயர்
காயலான் கடை சுற்றி என்னிடமே வந்தன.
கறுப்பில் கறுப்பாக நான்கு இலக்கம்:
மூன்று, ஐந்து, ஒன்று, இரண்டு.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் முப்பத்தைந்தாம் வாரம்.
வேளாங்கண்ணியில் கொடியேறியிருக்கும்.
வண்டிக்கடியில் மல்லாந்தால்தான் தெரியும்படி
எவனோ உள்பக்கமாக மாட்டியிருக்கிறான்.
மறைக்க நினைத்திருக்க மாட்டான்,
அங்கே எழுத்து இருப்பதே தெரிந்திருக்காது.
பத்தொன்பது வருஷம் நானும் அப்படித்தான் மாட்டினேன்.

நேற்று ஒரு ஆம்னி வேன்.
பாகூரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது.
"அந்த மூணுல ரெண்டு குடுண்ணே,
பட்டன் புதுசா இருக்கே."
ஏன் முடியாது என்று சொல்ல ஆரம்பித்தேன்.
அவன் கண் பக்கத்துக் கடைக்குப் போனது.
அங்கும் தொங்குகின்றன,
கழுவி, பாலிஷ் போட்டு.

கத்தியெடுத்து மூன்றையும் விலாவில் கிழித்தேன்.
பிறகு டார்ச்சோடு
அவன் வண்டிக்கடியில் மல்லாந்தேன்.
"ஆணியாண்ணே?" என்கிறான்.
சேறு அப்பியிருக்கிறது.
கட்டைவிரலால் துடைத்துத் துடைத்து
இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.