உரிமையாளர்: காலி

சோழிங்கநல்லூரில் நவம்பர் பிறந்துவிட்டது.
கிளவுடுக்கு இன்னும் அக்டோபர்தான்.
அதன் கடிகாரம் கிரீன்விச்காரன்,
விடிகாலை ஐந்தரைக்குத்தான் காலண்டர் கிழிப்பான்.

இந்த ஐந்தரை மணி நேரத்துக்காக
ஃபைனான்ஸ் ஹில்டா மேடமும் நானும்
இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறோம்.
அம்பத்தூரில் எங்கள் சொந்த சர்வர்கள்
இந்திய நேரத்தில் கரண்டு குடிக்கின்றன.
மும்பையில் வாடகைக்கு எடுத்தவை
வேறு நேரத்தில் காசு குடிக்கின்றன.
இரண்டையும் ஒரு தாளில் கூட்டினால்
எப்போதும் ஏதோ இடிக்கும்.
போன மாதம் பதினொரு ரூபாய் நாற்பது காசு.
"இதை யார் தலையில கட்டறது?" என்றார்.
நான் பர்ஸைத் திறந்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

அதனால்தான் இந்த ஸ்கிரிப்ட்.
மணிக்கொரு தரம் எழுந்து
இங்கேயும் அங்கேயும் கதவு தட்டும்.
நீ யார், எவ்வளவு நேரம் ஓடினாய்,
எவ்வளவு இடத்தை அடைத்தாய்,
எந்தத் துறையின் பில்லில் எழுத?
பதில் சொல்லாத இயந்திரத்துக்கு
எழுபத்திரண்டு மணி நேர நோட்டீஸ்,
அப்புறம் அணைப்பு.
மின்வாரியம்கூட ஃபியூஸைப் பிடுங்குமுன்
இவ்வளவு மரியாதை காட்டுமா தெரியவில்லை.

ஒரு மணிக்குக் கீழே இறங்கினேன்.
சைக்கிளில் சுக்குக் காபி விற்கும் செங்கேணி
மிச்சமிருந்த பேப்பர் கப்பை எண்ணிக்கொண்டிருந்தார்.
எத்தனை கப் காலியோ அத்தனை காபி,
அவ்வளவுதான் அவர் கணக்கு.
"ரெண்டு குறையுதே?" என்றேன், தொழில் புத்தி.
"அது காத்து அடிச்சிட்டுப் போனது.
காத்துக்குன்னு தனியா எழுதிடுவேன்."
கோவளம் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.
அதை நாங்கள் மேகம் என்போம்.
இதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மேலே வந்தபோது முதல் ஓட்டம் முடிந்திருந்தது.
முன்னூற்றுப் பன்னிரண்டில்
ஒன்று மட்டும் வாய் திறக்கவில்லை.

உரிமையாளர்: காலி.
துறை: காலி.
பிறந்தது: நாலு வருடத்துக்கு முந்தைய டிசம்பர்,
அதிகாலை இரண்டு பத்து.
வாடகை: மாதம் அறுநூற்றுச் சொச்சம்,
இத்தனை நாளும் காசு காசாய் உதிர்ந்து
எல்லார் பில்லிலும் கலந்திருக்கிறது.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
அதற்கு ஒரே வேலை.
நிமிடத்துக்கொரு முறை
அம்பத்தூர் கட்டிடத்தின் பேஸ்மென்டில்
ஜெனரேட்டர் அறைச் சென்சாரிடம் கேட்கிறது,
தண்ணீர் எவ்வளவு?
பூஜ்யம்.
தண்ணீர் எவ்வளவு?
பூஜ்யம்.

பின்னோக்கி உருட்டினேன்.
இருபது லட்சம் பூஜ்யங்களுக்கு அடியில்
அந்த முதல் இரவு.
நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று.
ஐம்பத்தாறு.
விடியும்போது அறுபது, பிறகு மெல்ல இறக்கம்.
மேலே ஒரு வரி:
"மழை நின்னதும் ஆஃப் பண்ணிடவும். தாவூத்."

பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி இறங்கியவன்.
அம்பத்தூர் மூழ்கினாலும்
கேட்டுக்கொண்டிருக்க ஒரு காது வேண்டுமென்று
மும்பையில் வைத்திருக்கிறான்.
மழை நின்றது.
அவனுக்கு டொராண்டோ விசா வந்தது.
அபாயமென்றால் எஸ்எம்எஸ் போகவேண்டிய எண்ணைக்
கூப்பிட்டுப் பார்த்தேன்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் ஒருத்தி,
இரண்டு மொழிகளில்.
நாலு வருடமாய்
கேட்பாரில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

'பொது' என்று அடித்தேன். சிவப்பு.
'பொது' செல்லாது என்று விதி எழுதியவள் நான்தான்,
எல்லாரும் அதில் கொண்டுபோய்த் தள்ளுவார்களென்று.
'கட்டிடப் பராமரிப்பு': அப்படியொரு துறையே இல்லை,
காண்ட்ராக்டுக்கு விட்டாயிற்று.
ஹில்டா மேடத்தை இந்நேரம் எழுப்ப முடியாது.
எழுப்பினாலும் அதே கேள்விதான்.

எண்ணை மட்டும் மாற்றினேன்,
என்னுடையதாக.
அதற்கு யாருடைய அனுமதியும் கேட்கவில்லை ஸ்கிரிப்ட்.

ஐந்து இருபத்தெட்டு.
கண்ணாடியில் முதல் தூறல்,
கீழே செங்கேணி கப்புகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றுகிறார்.
காலிக் கட்டத்தில் கர்சர்
விட்டு விட்டுத் துடிக்கிறது.
எழுபத்தோரு மணி நேரம் பாக்கி.

தண்ணீர் எவ்வளவு?
பூஜ்யம்.