மார்ச்சில் யாருக்கும் வலிக்கவில்லை

பெரியமேட்டில், கேலரிப் படிகளுக்குக் கீழே
ஜன்னலில்லாத அறை.
மசாஜ் மேசை இரண்டு, ஒன்றுக்குக் கால் ஆடும்.
ஐஸ் பெட்டி. என் மடிக்கணினி.
மூன்று சீசனாக நான் எழுதுவது
காயக் கணக்கு.

எந்தத் தேதி, எத்தனையாவது நிமிடம், எந்தக் கால்,
எதிராளி இடித்ததா, தானாக அறுந்ததா,
எத்தனை நாள் ஓய்வு.
இடிபட்டு விழுந்தவர்கள் குறைவு.
பக்கத்தில் ஆளே இல்லாமல்
ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று
பின்தொடையைப் பிடித்துக்கொண்டு
யார் சுட்டது என்பதுபோல் திரும்பிப் பார்ப்பான்.
அவர்கள்தான் அதிகம்.

பின்தொடைக்கு மஞ்சள் கொடுத்திருக்கிறேன்.
செப்டம்பர் வெக்கையில் கட்டங்கள் ஆவாரம் பூத்துக் கிடக்கும்,
பெரும்பாலும் எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு.
ஐப்பசி மழையில் புல்லடியில் தண்ணீர் நின்றால்
கணுக்கால், நீலம்.
டிசம்பரில் பத்து நாளில் மூன்று ஆட்டம், நடுவில் இரண்டு விமானம்;
அப்போது எல்லா நிறமும்.
முழங்காலுக்குச் சிவப்பு.
சீசனுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும்,
வந்தால் அந்த வரி அடுத்த வருடம் வரை போகும்.

பிறகு மார்ச்.
வெள்ளை.
மூன்று வருடமும் வெள்ளை.
மேலாளர் திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினார்,
கைதட்டினார்கள்.
"உங்க கைராசி மேடம்."

மார்ச் கடைசியில்தான் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள்.

ஐஸ் கணக்கு வேறு நோட்டில் இருக்கிறது.
அதை யாரும் திரையில் போடுவதில்லை.
நவம்பரில் நாளுக்கு நாலு பார். மார்ச்சில் ஒன்பது.
காசிமேட்டிலிருந்து ட்ரைசைக்கிளில் கொண்டுவரும் காளத்தி
சாக்கை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்:
"இன்னா மேடம், உள்ள மீன் கீன் ஏத்துமதி பண்றீங்களா?"

வலி எவ்வளவு, பத்துக்குச் சொல் என்றால்
லால்ரெம்ருவாதா டிசம்பரில் விரல்களை விரித்து ஆறு காட்டுவான்.
மார்ச்சில் அதே முட்டி, அதே வீக்கம்,
கையை மூடிக் காட்டினான்.
மிசோரமிலிருந்து வந்து அவன் கற்ற தமிழில்
அன்றைக்குச் சொன்னது ஒரே சொல்: "இல்ல."

இன்னாசி, வியாசர்பாடிக்காரன், இடது பின்களத்தில் ஆடுபவன்,
விளக்கை அணைக்கும் நேரத்தில் வந்தான்.
நடைவழியில் நிமிர்ந்து நடந்தவன்
கதவைச் சாத்தியதும் நொண்டினான்.
"எழுதாதீங்க மேடம்."

எழுதவில்லை.
என் ஒப்பந்தமும் மார்ச்சில்தான் முடிகிறது.
கட்டைவிரல் அடியில் எனக்கொரு வலி உண்டு,
அதற்கு நிறம் வைக்கவில்லை.

லால்ரெம்ருவாதாவைப் புதுப்பிக்கவில்லை.
அவன் வரியை நீக்கும்போது பார்த்தேன்,
கடைசி முப்பத்தொரு கட்டங்களிலும்
பூரண ஆரோக்கியம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு
வாசலில் இன்னாசி.
கையெழுத்துப் போட்டாயிற்று, இரண்டு வருடம்.
ஒளிக்காமல் நொண்டிக்கொண்டு வந்து
கால் ஆடும் மேசையில் ஏறிப் படுத்தான்.
"இப்ப வலிக்குது மேடம். எழுதிக்கோங்க."

எத்தனையாவது நிமிடம் என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
கேட்டேன்.
கூரையைப் பார்த்து
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.