கொடியிலிருந்து ஐந்து

டுலூத்தில் விடியுமுன் மைனஸ் பதினெட்டு.
கல்லூரிக் குளத்தின் சன்னல்களில் ஆவி.
எனக்கு ஆறாவது தடம்.
பக்கத்தில் ஸிக்னே, முதலாண்டு,
தொப்பியைப் பல்லால் கடித்து இழுத்தபடி,
"எத்தனை வருஷம் விட்டிருந்தாய்?"
ஏழு என்றேன்.
ஏன் என்று கேட்குமுன் நீருக்குள் போய்விட்டாள்.

மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் தெரியாது.
தலைக்கு மேல் கொடிகள் கடந்ததும் எண்ண வேண்டும்:
ஐந்து கைவீச்சு, அப்புறம் சுவர்.
பதின்மூன்று வயதில்
தூக்கத்திலும் எண்ணிய கணக்கு.

மறந்திருப்பேனோ என்றுதான் பயம்.
தோள் மறக்கவில்லை.
கணுக்காலும்.
கூரையின் துருவேறிய உத்தரங்கள்
ஒவ்வொன்றாய்க் கால்பக்கம் நழுவ,
மூக்கில் அதே குளோரின் காந்தல்,
கொடி.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு

மண்டையோடு ஓட்டில் மோதியது
குளத்துக்கே கேட்டிருக்கும்.

பயிற்சியாளர் ராட்கே செருப்பு வழுக்க ஓடிவந்து
முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினார்.
"எத்தனை?"
"நான்கு."
அவர் காட்டியது இரண்டு.

பெஞ்சில் உட்கார்த்திவிட்டார்கள்.
உச்சந்தலையில் ஐஸ் பை,
கழுத்து வழியே ஒழுகும் நீர்.
ஸிக்னே பத்தாவது சுற்றில்.
சொட்டுகிற என் கையை நீட்டிப் பார்த்தேன்.
நான் எட்டிக்கூடப் பார்க்காத ஏழு வருஷமும்
அது பாட்டுக்கு
வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.