உடன் போனவை

ஓவுலு நகரின் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு
மென்பொருள் எழுத வந்தபோது
கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தேன்.
நடுவில் ஒரே பெட்டி: விரிப்பு.
அதற்குள் நாற்பத்தேழு புலங்கள்.
நீளம், அகலம், விலை, கறை, வார்டு எண்,
கடைசியாக வெளுத்த தேதி.
மூன்று வாரத்து வேலை.
அழகாகத்தான் இருந்தது, யாரும் தொடாதவரை.

சுத்தம் என்று ஒரு கட்டம். ஆம், இல்லை.
சண்டை அதில் தொடங்கியது.
எந்திரத்தை விட்டு இறங்கினால் சுத்தம், என்றார் ரெய்யோ.
வெந்த சூட்டுக்குச் சீட்டு வேண்டும்,
சீட்டில்லாதது ஈரத்துணி, என்றாள் ஹோதான்.
தொலைபேசியில் நான்காம் மாடி நர்ஸ்:
"மடித்து என் அலமாரியில் இருந்தால் சுத்தம்.
உங்கள் வேனில் இருப்பது எனக்குத் துணியே இல்லை."

மூன்றும் சரி.
பொய் சொன்னது என் பெட்டி.

கூடத்தின் தரையில் ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது.
இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் வெளுப்பு.
தாண்டுமுன் செருப்பு மாற்ற வேண்டும்.
தினமும் இரண்டு முறை, காப்பிக்காக,
மாற்றிக்கொண்டு தாண்டியிருக்கிறேன்.
எல்லையை எங்கே போடுவது என்று
மண்டையை உடைத்துக்கொண்டே.

சொல்லும் அங்கே செருப்பு மாற்றுகிறது.

இங்கே ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் தைத்த சில்லு,
எண், வயது, எத்தனை முறை வெந்தது என்ற கணக்கு.
வார்டில் எந்த விரிப்பு என்று யார் கேட்கிறார்கள்?
எத்தனை என்பார்கள், அவ்வளவுதான்.
பத்து யூரோத் தாளை
யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டினோம்,
நடந்ததை நடந்த வரிசையில்:
வந்து சேர்ந்தது. பிரிக்கப்பட்டது. வெந்தது.
வண்டி பூட்டப்பட்டது
(பூட்டிய வண்டிக்குள் யாரும் கைவிடக் கூடாது,
ஒரு தலையணை உறைக்காகக்கூட).
கடைசியில் நான் ஒட்டியது: தொலைந்தது.
தொண்ணூறு நாள் திரும்பாவிட்டால் அப்படிக் குறிக்கச் சொல்லி
கணக்குப் பிரிவின் பிர்க்கோ கேட்டிருந்தாள்.
அந்த மாதம் அறுபத்திரண்டு.
பாதிக்கு மேல் ஒன்பதாம் வார்டு.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி வரைந்து
திருட்டு? என்று எழுதினேன்.

ஹோதான் அந்தச் சீட்டை உரித்தாள்.
"ஒன்பது எந்த வார்டு, தெரியுமா?"
தெரியாது. எனக்கு அது ஒரு முழு எண்.
"அங்கே படுத்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை.
படுத்திருந்த விரிப்பிலேயே சுற்றி அனுப்புகிறார்கள்.
நாங்கள் தொலைந்தது என்று சொல்வதில்லை."
பின்னே?
"உடன் போனது."

உலர்த்தி சுற்றும் சத்தம்.
மணி மூன்று; ஜன்னலில் இரவு வந்துவிட்டது.
ரெய்யோ தொப்பியைக் கழற்றி
எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு தொலைந்தது என்ற சொல்லை
நிரலில் தேடித் தேடி அழித்தேன்.
பதினேழு சோதனைகள் சிவந்தன.
ஒவ்வொன்றுக்கும் பேர் மாற்ற விடிந்தது;
விடிந்ததென்றால் கடிகாரத்தில்.

பிர்க்கோ இன்னும் செலவு என்றே எழுதுகிறாள்.
அவள் மேசையில் அது செலவுதான், தப்பில்லை.
இடையில் ஒரு துபாஷியை நிறுத்தினேன், பதினொரு வரியில்.
இங்கே போவது அங்கே செலவாகிறது.
அங்கிருந்து எந்தச் சொல்லும் இந்தப் பக்கம் வராது.

பெட்டிகள் இப்போது நான்கு. சிறியவை.
நான்கிலும் விரிப்பு இருக்கிறது.
மேலாளர், ஒரே பேர் நான்கு தடவையா, என்று கேட்டார்.
மஞ்சள் கோட்டைக் காட்டினேன். புரியவில்லை அவருக்கு.
பரவாயில்லை.

ஏப்ரலில் முதல் அறிக்கை ஓடியது.
ஒன்பதாம் வார்டு, உடன் போனவை: முப்பத்தொன்று.
திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டுமுன்
ஹோதான் புது விரிப்புக் கட்டை அவிழ்த்து
எண்ணிக்கொண்டிருந்தாள்.
எத்தனை வேண்டும், என்றேன்.
இருபத்தொன்பது, முப்பது, என்றாள்,
இன்னொன்றை எடுத்து மேலே வைத்தபடி.