சாவி இல்லாத கடா

பிரெய்லாவில் அந்தக் குளிர்காலம்
வீட்டுக்கு ஒரு பல்பு.
டான்யூபில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.
எங்கள் பொம்மை அரங்கின் வெந்நீர்க் குழாய்கள்
இரண்டு வருடமாய் மௌன விரதம்.
கையுறையோடு கையை
பொம்மைக்குள் விட்டுத்தான் ஒத்திகை.

நான் ஸ்மராண்டா, தையல்காரி.
விலங்குகளின் தோல் என் பொறுப்பு.

கதை இதுதான்:
மாவு மில்லின் முதலாளியை
கழுதை, வாத்துகள், கிழட்டு நாய்
எல்லாம் சேர்ந்து விரட்டிவிடுகின்றன.
கொம்பால் முட்டிக் கிடங்குக் கதவைத் திறந்தது கடா.
அதனால் சாவி கடாவிடம்.
ஒரு வாரத்துக்கு மட்டும்.
பிறகு மழை நிற்கும் வரை.
பிறகு பனி உருகும் வரை.
வாத்துகள் வாசலில் வரிசையாய் நிற்க
உள்ளே கடா மெல்லும் சத்தம்.

பார்வையிட வந்தார் தோழர் கெனாடியே.
ஓவர்கோட்டைக் கழற்றவில்லை.
"கடாவிடம் சாவி எதற்கு?"
"கதவைத் திறக்க" என்றான் நெக்குலாய்.
கடாவுக்குள் இருந்தது அவன் கைதான்.
"எந்தக் கதவை?"
யாரும் பதில் சொல்லவில்லை.
"சாவியை எடுத்துவிடுங்கள்.
மற்றபடி நல்ல நாடகம்,
வாத்துகள் அழகு."

பழைய அலமாரிச் சாவி அது.
குளம்பில் ஆறு தையல் போட்டிருந்தேன்.
ஆறையும் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைய ஈரக் கம்பளி வாசனை.
கடா வந்தது.
பாரத்துக்குப் பழகிய நெக்குலாயின் கை
ஒன்றுமில்லாத குளம்பைத் தூக்கிப் பிடித்தது.

மூன்றாம் வரிசையில் ஒரு குரல்:
"சாவி எங்க?"
"ஒளிச்சு வச்சிருக்கு!"
"இல்ல, முழுங்கிடுச்சு! வயித்தப் பாருங்க!"
நாற்காலி மேலேறி நின்று
அதிகம் கத்தியவள் கெனாடியேயின் மகள்.
அவர் அவளைக் கீழே இழுத்தபோது
அவர் காதுகள் பழுத்திருந்தன.

மறுவாரம் அரங்குக்குப் பூட்டு,
பழுது பார்க்கவாம்.
நெக்குலாய்க்கு உரக் கிடங்கில்
மூட்டை எண்ணும் வேலை.

அப்புறம் அந்த டிசம்பர்.
கத்தரிக்கோல் கேட்டு என் கதவைத் தட்டினார்கள்.
கொடியின் நடுவிலிருந்த முத்திரையை வெட்டியெடுக்க வேண்டும்.
மூன்று கொடிகள் வெட்டிக்கொடுத்தேன்.
வட்டமாய் வெட்டுவது லேசில்லை,
துணி இழுக்கும்.
அந்த ஓட்டை வழியே தலையை நுழைத்து
ஒருவன் என் கன்னத்தில் முத்தமிட்டான்,
யாரென்று இன்றுவரை தெரியாது.
நானும் கத்தினேன். அழுதேன். தொண்டை கட்டிக்கொண்டது.
வெட்டிய வட்டங்களை எறியவில்லை.
நல்ல துணி.

மார்ச்சில் அரங்கு திறந்தது.
குழாய்களில் வெந்நீர் இருமியது.
இயக்குநர் அறையில் நெக்குலாய்,
கைதட்டி நாங்கள்தான் உட்கார வைத்தோம்.
"தேர்தல் வரைக்கும்தான், ஸ்மராண்டா" என்றான்.
இடுப்பில் சாவிக்கொத்து.
துணிக்கிடங்குச் சாவியும் அதில்.
ஒரு முழம் நூலுக்கும்
அவன் வாசலில் நிற்கப் பழகினேன்.

பழைய நாடகத்தையே போடுவோம் என்றோம்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான்.
"போடலாம். ஆனால் சாவி வேண்டாமே.
காலம் மாறிவிட்டது.
குழந்தைகள் குழம்பிப் போவார்கள்."
நல்லவன்தான் நெக்குலாய்.
என் அம்மா செத்தபோது சவப்பெட்டி தூக்கியவன்.

அன்றிரவு கடாவின் வயிற்றைப் பிரித்தேன்.
அந்துப்பூச்சி அரித்த பழைய உள்துணியை எடுத்துவிட்டு
முத்திரை வட்டங்களை வைத்துத் தைத்தேன்.
அவற்றின் நடுவே
அலமாரிச் சாவி.
ஆறு தையல் போதாதென்று பன்னிரண்டு போட்டேன்.

காலையில் புதுப்பெண் ஸாம்ஃபிரா
கடாவுக்குள் கையை விட்டாள்.
பாதியில் விரல்கள் நின்றன.
என்னைப் பார்த்தாள்.

நான் நூலைப் பல்லால் கடித்தேன்.